புல்லா, குறுங்காடா, நிழல் மரமா? எங்கள் பூங்காவின் தண்ணீர்க் கணக்கு

வேலூரைப் பற்றிப் பழைய கிண்டல் ஒன்று உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். இதில் சாமி 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளமே வந்து போனது. மலை மட்டும் அப்படியே நிற்கிறது. சத்துவாச்சாரியில் குடியிருக்கும் எங்களுக்குச் சித்திரை மாதத்தில் அந்தப் பாறைச் சூடு ராத்திரி பத்து மணிக்கும் வீட்டுச் சுவரைத் தொட்டால் தெரியும்.

எங்கள் தெரு முனையில் 60 சென்ட் பூங்கா ஒன்று இருக்கிறது. மனைப்பிரிவு போட்டபோது பொது இடமாக ஒதுக்கி எழுதிக் கொடுத்தது, இப்போது மாநகராட்சி இடம். பூங்கா என்று போர்டு சொல்கிறது. உள்ளே போனால் ஒரு சறுக்கு மரம், ஆடாத ஓர் ஊஞ்சல், மூலையில் சீமைக்கருவேலம், அதன் அடியில் பாட்டில்கள். நாலு வீடு கட்டி முடித்த இடிபாடு முழுக்க அங்கேதான் கொட்டப்பட்டிருக்கிறது. இதை மறுபடி பூங்காவாக்க வேண்டும் என்பதில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படி என்பதில்தான் மூன்று கட்சி. புல்தரை போட்டு அழகுபடுத்தலாம் என்பவர்கள், மியாவாக்கி முறையில் நெருக்கி நட்டுக் குறுங்காடு வைக்கலாம் என்பவர்கள், வழக்கம்போல இடம் விட்டு நிழல் மரம் வைக்கலாம் என்பவர்கள். மூன்றையும் ஒப்பிட்டு எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார்கள். எழுதியது எங்களைப் போன்ற வேறு தெருக்காரர்களுக்கும் உதவலாம்.

முதலில் எங்கள் பழைய கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் 5 அன்று இதே பூங்காவில் நூறு கன்று நட்டோம். பேனர், டீ, சமோசா, வாட்ஸ்அப்பில் போட்டோ எல்லாம் ஆனது. அடுத்த பொங்கலுக்கு எண்ணிப் பார்த்தபோது ஒன்பது இருந்தன. அதில் நாலு, யாரும் நடாமல் காக்கை போட்ட எச்சத்தில் தானாக முளைத்த வேம்பு.

கன்று கொடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. சுற்றுச்சூழல் தினம் என்று உலகத்துக்கே ஒரு தேதி. வேலூருக்கு அது அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும் நேரம். குழி என்று நாங்கள் தோண்டியது கடப்பாரையில் ஒரு அடி. அதற்குக் கீழே செங்கல் துண்டும் டைல்ஸ் சில்லும் கெட்டிப்பட்ட சிமெண்டு மூட்டையும். தண்ணீர் யார் ஊற்றுவது என்று யாருக்கும் சொல்லவில்லை, அதனால் எல்லாரும் வேறு யாரோ ஊற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

அதனால் இந்த முறை எந்த மரம் என்று ஆரம்பிக்காமல் எவ்வளவு தண்ணீர் என்று ஆரம்பித்தேன். பூங்காவில் ஒரு போர்வெல் இருக்கிறது. போன மே மாதம் அது நாளுக்கு ஒரு முறை 1000 லிட்டர் சின்டெக்ஸ் டேங்கை நிரப்பியது. அவ்வளவுதான், அதற்கு மேல் மோட்டார் காற்றைத்தான் இழுத்தது. காவிரிக் குடிநீரைச் செடிக்கு ஊற்றினால் தெருவில் சண்டை வரும். டேங்கர் லாரி வாங்கலாம், ஒரு மாதம் வாங்குவோம், இரண்டாம் மாதம் வசூல் நின்றுவிடும். ஆக, எங்கள் கையிருப்பு கோடையில் நாளுக்கு 1000 லிட்டர். மூன்று யோசனையையும் இந்த டேங்குக்குள் அடக்கிப் பார்த்தேன்.

புல்தரைக் கட்சி முதலில். கொரியன் புல், பேவர் பிளாக், நடுவில் எட்டு வடிவ நடைபாதை, ஓரத்தில் வரிசையாகக் கொனோகார்பஸ். ஒப்பந்தக்காரர் ஒரே மாதத்தில் முடித்துத் தருவார், திறப்பு விழா நாளில் இதைவிட அழகானது எதுவும் இருக்காது. 8000 சதுர அடிக்குப் புல் என்று வரைபடம் போட்டிருந்தார்கள். நம்மூர்க் கோடையில் சதுர மீட்டருக்கு நாளுக்கு 5 லிட்டர் என்று வைத்தாலும் ஏறக்குறைய 3700 லிட்டர். அதுவும் இந்த வருடம் மட்டும் இல்லை, புல் இருக்கும் வரை ஒவ்வொரு கோடைக்கும். மரமாவது வேர் கீழே போனதும் நம்மை விட்டுவிடும். புல் கடைசி வரை விடாது. மே மாதம் மதியம் அதன் மேல் யாரும் உட்காரவும் முடியாது.

கொனோகார்பஸ் பற்றி ஒரு வார்த்தை. சீக்கிரம் வளரும், எப்போதும் பச்சையாக இருக்கும் என்பதால் நர்சரிக்காரர்களுக்குப் பிடித்த செடி. வேர் குழாயையும் சாக்கடையையும் தேடிப் போகிறது, மகரந்தத்தால் ஒவ்வாமை என்று சொல்லி 2023-இல் குஜராத் அரசே அதைத் தடை செய்தது. வேண்டவே வேண்டாம்.

நடைபாதையை மட்டும் நான் எதிர்க்கவில்லை. சர்க்கரை உள்ளவர்கள் தெருவில் பாதிப் பேர், காலையில் நெடுஞ்சாலைச் சர்வீஸ் ரோட்டில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறார்கள். ஆனால் பாதை மண்பாதையாக இருக்கட்டும். பேவர் பிளாக் பதித்தால் மழைத் தண்ணீர் கீழே அவ்வளவாக இறங்காது, மரத்தின் கழுத்து வரை கல்லை இறுக்கி வைப்பார்கள். நம் ஊரில் நடைபாதை ஓரத்து மரங்கள் பல இப்படித்தான் மூச்சுத் திணறி நிற்கின்றன.

அடுத்தது மியாவாக்கி. இளைஞர்கள் கட்சி இது. அகிரா மியாவாக்கி என்ற ஜப்பானியத் தாவரவியலாளர் 2021-இல் காலமானார். அந்தந்த மண்ணுக்கே உரிய மரம், செடி, புதர் எல்லாவற்றையும் கலந்து, சதுர மீட்டருக்கு மூன்று நாலு கன்று என்று நெருக்கி நடுவது அவர் முறை. ஜப்பானில் கோயில்களைச் சுற்றி வெட்டாமல் விட்ட பழைய தோப்புகளைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. நம் கோயில்காட்டைப் பார்த்திருந்தாலும் வந்திருக்கும். சென்னை மாநகராட்சி 2020-இல் கோட்டூர்புரத்தில் இப்படி ஒன்றை ஆரம்பித்தது, அப்புறம் தமிழ்நாடு முழுக்க ஆளுக்கு ஒரு குறுங்காடு.

இதன் நல்ல பக்கம் பெரியது. கன்றுகள் வெயிலுக்குப் போட்டி போட்டுக்கொண்டு நெட்டுக்குத்தாக ஏறும், இரண்டு மூன்று வருடத்தில் பச்சைச் சுவர் எழுந்துவிடும். நிலம் முழுக்க மூடிவிடுவதால் அப்புறம் களையும் இல்லை, தண்ணீரும் வேண்டாம். குருவி, ஓணான், பட்டாம்பூச்சி தேடி வரும். நெடுஞ்சாலைத் தூசிக்கு நல்ல தடுப்பு, ஹாரன் சத்தமும் கொஞ்சம் குறையும்.

ஆனால் கணக்குப் போடுங்கள். பூங்காவில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கை, அதாவது 10,000 சதுர அடியை, காடாக்கலாம் என்கிறார்கள். 930 சதுர மீட்டர், சுமார் 2800 கன்று. முதல் இரண்டு மூன்று கோடைக்கு, சதுர மீட்டருக்கு அதே 5 லிட்டர் கணக்கில், நாளுக்கு 4650 லிட்டர். புல்லைவிட மோசம். மண்ணைத் தோண்டி, இடிபாட்டை எடுத்து, எரு, தென்னை நார்க்கழிவு, உமி கலந்து மூன்று அடிக்கு நிரப்ப வேண்டும் என்பது இதன் அடிப்படை. எங்கள் இடத்தில் அதற்கே ஜேசிபியும் டிப்பரும் பல நாள் நிற்க வேண்டும். மியாவாக்கி என்று பெயர் வைத்து, மண்ணைத் தொடாமல் கன்றை மட்டும் நெருக்கி நட்ட இடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒல்லி ஒல்லியாகக் குச்சிகள் நிற்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றைக் கூட்டத்தில் பெண்கள்தான் சொன்னார்கள், ஆண்கள் யாருக்கும் தோன்றவில்லை. காட்டுக்குள் குழந்தை ஓடியாட முடியாது, பெரியவர் உட்கார முடியாது. மாலை ஆறரைக்கு மேல் அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. இப்போது சீமைக்கருவேலத்துக்கு அடியில் இருக்கும் பாட்டில்கள் இடம் மாறும், வேறொன்றும் நடக்காது. காடு நல்லதுதான், ஆனால் பூங்கா முழுவதும் காடாகிவிட்டால் அது பூங்கா இல்லை.

மூன்றாவது, 18 அடிக்கு ஒன்று என்று இடம் விட்டு நடுவது. பாதை, விளையாடும் இடம் போக மிச்சத்தில் 60 மரம் வரும். நட்டதும் பார்க்கப் பாவமாக இருக்கும். மொட்டை வெளியில் குச்சி குச்சியாக அறுபது கன்று, முதல் இரண்டு வருடம் யாருமே பாராட்டமாட்டார்கள். ஒன்று பட்டுப்போனால் பல் விழுந்த மாதிரி இடைவெளி தெரியும். ஆனால் தண்ணீரைப் பாருங்கள். ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்கு 15 லிட்டர், வாரம் மூன்று தடவை. அறுபதுக்கும் சேர்த்து வாரத்துக்கே 2700 லிட்டர், நாளுக்கு நானூறு தாண்டாது. மூன்று கோடை தாண்டிவிட்டால் பெரும்பாலானவை தன் காலில் நின்றுவிடும். அதன் அடியில்தான் பெஞ்சு போட முடியும், அதன் அடியில்தான் பிள்ளைகள் விளையாட முடியும்.

நான் இந்தக் கட்சி என்பது தெரிந்திருக்கும். ஆனால் இதிலும் ஒழுங்காகச் செய்யாவிட்டால் பழைய ஜூன் 5 கதைதான். எனவே குழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சாதாரண நிலத்தில் இரண்டு அடிக் குழி போதும். இடிபாடு கொட்டிய இடத்தில் மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று வேண்டும். சோதனைக்கு ஒரு குழி தோண்டிப் பார்த்தோம். முதல் அடி வெறும் ராபிஷ், இரண்டாவது அடியில் கிராவல், மூன்றாவது அடியில்தான் பழைய செம்மண் தலை காட்டியது. வேர் அந்தச் செம்மண்ணைத் தொட்டுவிட்டால் மரம் பிழைத்தது. அந்தக் குழியில் இரண்டு குடம் ஊற்றிப் பார்த்தபோது தண்ணீர் வெகு நேரம் நின்றது. அப்படி நிற்கும் குழியின் அடியைக் கடப்பாரையால் குத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் வேர் அழுகும். குழியைத் தோண்டியதும் நடாமல் இரண்டு வாரம் வெயிலில் ஆறப்போட்டு, செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் இரண்டு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்ப வேண்டும்.

தண்ணீர் ஊற்றுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. தினமும் ஒரு மக் ஊற்றும் பாசக்காரர்கள்தான் கன்றைக் கெடுக்கிறார்கள். அப்படி ஊற்றிய கன்றின் அடியில் ஒரு நாள் விரலை விட்டுப் பார்த்தேன். மேலே சேறு, விரல் இரண்டாம் கணு வரை போனதும் பொடி மாதிரி காய்ந்த மண். மேல்மண்ணில் ஈரம் இருந்தால் வேர் மேலேயே சுற்றும், ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் செடி போய்விடும். வாரம் மூன்று தடவை, ஊற்றினால் நிறைய ஊற்ற வேண்டும். கன்றுக்குப் பக்கத்தில் இரண்டு அடி பிவிசி குழாய்த் துண்டைச் செருகி அதற்குள் ஊற்றினால் தண்ணீர் நேரே கீழே போகும். கழுத்து வரை புதைத்த மண்பானையும் அதே வேலையைச் செய்யும். மேலே காய்ந்த சருகை அரை அடிக்கு மூடாக்காகப் போட வேண்டும். தெருக் கூட்டுபவர்கள் குவித்துக் கொளுத்தும் சருகுதான், கொளுத்தாமல் நமக்குத் தரச் சொன்னால் போதும்.

நடும் காலத்திலும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. வேலூருக்குத் தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு, ஆவணி புரட்டாசியில் சாயங்கால இடிமழை வரும், பின்னாலேயே ஐப்பசி கார்த்திகை அடைமழை. புரட்டாசியில் நட்டால் மூன்று மாதம் வானம் பார்த்துக்கொள்ளும், கோடை வருவதற்குள் கன்றுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

எட்டு அடிக் கன்றாக வாங்கி நட்டால் சீக்கிரம் நிழல் வருமே என்று ஒரு யோசனை வந்தது. பெரிய பையில் வெகு நாள் இருந்த கன்றின் வேர் உள்ளேயே சுருண்டு கயிறு மாதிரி கிடக்கும். பல சமயம் நாலு அடிக் கன்று மூன்று வருடத்தில் அதை எட்டிப் பிடித்துவிடும். ஆடு எட்டாத உயரம் வேண்டும் என்கிற வாசல் பக்கத்துக்கு மட்டும் பெரியது வாங்கலாம்.

ஆட்டுப் பிரச்சினைக்கு வருவோம். எங்கள் பூங்காவுக்குத் தினமும் ஒழுங்காக வருவது ஒரு ஆயாவின் ஆறு ஆடுகள்தான். அவரிடம் போய்ப் பேசினோம். "ஆடு துன்னாத செடியா பாத்து வை நைனா, இல்லன்னா கூண்டு போடு. எங்காடு இன்னா, போர்டு படிச்சிட்டா வருது?" என்றார். அவரே ஒவ்வொன்றாகச் சொல்லியும் கொடுத்தார். புங்கனை ஆடு சீந்தாது. பூவரசு, வாகை என்றால் விடாது. இரும்புக் கூண்டு போட்டால் அதை மூன்று வருடத்தில் மறக்காமல் கழற்ற வேண்டும். கழற்ற மறந்த கூண்டு பட்டைக்குள் புதைந்து கிடக்கும் மரங்களைச் சாலையோரத்தில் எல்லாரும் பார்த்திருப்போம்.

மரங்களில் என் முதல் ஓட்டு புங்கனுக்கு. பங்குனி சித்திரையில் மற்ற மரங்கள் இலை உதிர்த்து நிற்கும்போது இது புதுத் தளிர் விடும், நமக்கு நிழல் வேண்டிய மாதத்தில் நிழல் தரும். எங்கள் ஊர்க் கல்லாங்குத்து மண்ணிலும் வரும். அறுபதில் இருபது புங்கன் என்றால் நான் மறுக்கமாட்டேன். வேம்பு ஏழெட்டு, அதில் நாலு காக்கை ஏற்கெனவே நட்டுவிட்டது. சில வருடமாக வேம்பு நுனிக் கருகல் நோயில் காய்ந்து போய்த் திரும்பத் துளிர்ப்பதைப் பார்க்கிறோம், அதனால் வேம்பை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். மகிழம் மெதுவாகத்தான் வளரும், ஆனால் வருடம் முழுக்கப் பச்சை, குப்பை குறைவு, பெஞ்சுக்குப் பக்கத்தில் அதுதான் சரி. இலுப்பை நம் பிள்ளைகளுக்காக இரண்டு. நாவல் வேண்டும் என்று பிள்ளைகளும், கார் நிறுத்தும் பக்கம் வேண்டாம் என்று அவர்கள் அப்பாக்களும் சொன்னார்கள், இரண்டுமே நியாயம். ஆலும் அரசும் சுற்றுச்சுவரிலிருந்து தள்ளி, நடுவில் ஆளுக்கு ஒன்று. சரக்கொன்றை நிழலுக்கு உதவாது, சித்திரையில் அந்த மஞ்சளுக்காக வாசலில் ஒன்று இருக்கட்டும்.

ஒருவர் தேக்கும் செம்மரமும் வைத்தால் இருபது வருடத்தில் சங்கத்துக்கு வருமானம் என்றார். மாநகராட்சி இடத்து மரத்தை வெட்டிச் சங்கம் பங்கு போட முடியாது, தேக்கு கோடையில் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும் என்று சொன்னதும் விட்டுவிட்டார். குல்மொஹர் கேட்டவர்களுக்கு 2016 டிசம்பர் வர்தா புயலில் சென்னையில் அது சாய்ந்து கிடந்த படங்கள் போதுமாக இருந்தன.

செலவே இல்லாத ஒரு வழியைத் திட்ட அறிக்கை எழுதுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். போத்து நடுவது. பூவரசு, ஒதியன், ஆல் இவற்றில் கை மணிக்கட்டுப் பருமனுக்கு ஆறேழு அடிக் கிளையை வெட்டி, மேல் நுனியில் சாணியை அப்பி, இரண்டடி ஆழத்தில் ஊன்றினால் மழைக்காலத்தில் துளிர்விடும். கிராமத்தில் வேலிக்கால் எல்லாம் இப்படித்தான் மரமானது. துளிர் பெரும்பாலும் மேல் பக்கம் வரும் என்பதால் கூண்டுச் செலவும் குறையும். ஆணிவேர் இல்லாததால் பெருங்காற்றுக்குக் கன்று மரம் அளவுக்கு நிற்காது. எனவே வேலி ஓரத்துக்கு மட்டும்.

கன்று கிடைப்பது இப்போது ஒரு பிரச்சினையே இல்லை. 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழகம் இயக்கம் தொடங்கிய பிறகு வனத்துறை நாற்றங்கால்களில் நாட்டு மரக் கன்றுகள் நிறைய வளர்க்கிறார்கள், முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் போதும். உதவி செய்ய வரும் கம்பெனிகளிடம் கன்று கேட்காதீர்கள், ஒரு தோட்டக்காரருக்கு மூன்று வருடச் சம்பளம் கேளுங்கள். முகம் கொஞ்சம் மாறும். மாறாத கம்பெனியோடு பேசலாம். அதே மாதிரி மாநகராட்சியிடம் வாய்வார்த்தையாக அனுமதி வாங்கி ஆரம்பிக்கக் கூடாது. மோட்டார் கரண்ட் பில் யார் கட்டுவது, பத்து வருடம் கழித்து அங்கே தண்ணீர்த் தொட்டி கட்ட வந்தால் மரத்துக்கு என்ன வழி என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

என் பரிந்துரை இதுதான். புல் ஒரு சதுர அடிகூட வேண்டாம். மேற்குச் சுவர் ஓரமாக 50 அடி நீளம், 12 அடி அகலத்துக்கு மட்டும் குறுங்காடு. 170 கன்று, நாளுக்கு 280 லிட்டர். சாயங்கால வெயிலையும் நெடுஞ்சாலைத் தூசியையும் அது பிடித்துக்கொள்ளும், 12 அடிக்குள் யாரும் ஒளிந்துகொள்ளவும் முடியாது. இளைஞர்களுக்கு அது போதும், அந்த அளவு மண்ணைச் சரிசெய்ய ஜேசிபியும் ஒரே நாளில் முடித்துவிடும். மிச்ச இடத்தில் முதல் வருடம் 40 நிழல் மரம், பிழைத்ததைப் பார்த்து அடுத்த வருடம் 20. முதல் கோடைக்கு மொத்தம் நாளுக்கு 540 லிட்டர் தாண்டாது. போரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் குறைந்தாலும் சமாளித்துவிடலாம்.

நாற்பது கன்றுக்கும் நாற்பது வீட்டின் கதவு எண்ணை எழுதிக் கூண்டில் கட்டுவது என்று முடிவாகியிருக்கிறது. வீட்டுக்காரர் பெயரை எழுதலாம் என்றார்கள், நான்தான் தடுத்தேன். வாடகைக்கு இருப்பவர் காலி செய்து போனாலும் வீடு அங்கேயேதான் இருக்கும். புதிதாக வருபவருக்கு மீட்டர் ரீடிங்கோடு சேர்த்து மரத்தையும் காட்டிக் கொடுத்துவிடலாம்.

ஆடி கடைசியில் குழி, புரட்டாசி முதல் வாரத்தில் நடவு. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க ஜேசிபிக்குச் சொல்லியாகிவிட்டது. ஆயா ஒன்று மட்டும் கேட்டிருக்கிறார், அந்த மூலையில் ஒரு பூவரசம் போத்தாவது ஊன்ற வேண்டுமாம். ஆட்டுக்கா என்று கேட்டதற்கு, "எனுக்குதான், குந்தறதுக்கு" என்றார்.